ஏழாவது நகம்

எர்மிந்தாவின் ஏழாவது நகத்தில்
தூரிகை இருந்தபோது வந்தது.

முதலில் ஓசை.
துறைமுகத்தில் சரக்கு இறங்குகிறது என்றிருந்தேன்.
பிறகு அலமாரியில் சாயப் புட்டிகள் தந்தியடித்தன.
நாங்கள் எழவில்லை.
ஆறுக்குக் கீழே என்றால் கொக்கிம்போவில் யாரும் எழுவதில்லை,
கோப்பையைப் பிடித்துக்கொள்வதோடு சரி.
"ஐந்தரை" என்றாள்.
"ஐந்தே முக்கால்" என்றேன்.
சுவர்க் கண்ணாடி எங்கள் இருவரையும்
கீழே போட்டு உடைத்த பிறகுதான்
பேரம் நின்றது.

அவள் துறைமுகத்தில் கடல்மட்டம் அளப்பவள்.
கொஞ்ச நேரம் முன்புதான் சொல்லிக்கொண்டிருந்தாள்:
கடலடித் தட்டு எங்கள் கரைக்குக் கீழே
நுழைந்துகொண்டே இருக்கிறதாம்,
நான் வெட்டித் தள்ளும் நகம் வளர்வதைப்போல
இரு மடங்கு வேகத்தில்.
நுழைகிற இடத்தில் மாட்டிக்கொள்ளுமாம்.
மேலே நிலம் வளைந்து கொடுக்குமாம்,
எழுபது வருடம், எண்பது வருடம்.
பொறுத்துப்போகிறது என்று நாம் மாடி எடுப்போம்.
அது வட்டியோடு எழுதிவைத்திருக்கும்.

சங்கு ஊதியது.
மேட்டுத் தெருவில் எல்லோரும் நடந்தார்கள்,
ஒருவர் கையில் கிளிக்கூண்டு,
ஒருவர் கையில் பாதி வெந்த கோழி, சட்டியோடு.
ரொட்டிக்கடை லிசார்தோ கல்லாவை மறந்து
மாவு மூட்டையைச் சுமந்து வந்தார்.
மேலே போய்த்தான் பார்த்தேன்,
என் கையில் சிவப்புப் புட்டி.

எங்கள் மொழியில்
பின்னதிர்வுக்கும் மறுமொழிக்கும் ஒரே சொல்.
ஒரு சொல் சொல்லிவிட்ட நிலம்
இரவெல்லாம் தன்னோடு தானே
வாதாடிக்கொண்டிருந்தது.
"நழுவிய பாறை புது இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறது,
சரிப்படவில்லை, மறுபடி புரள்கிறது" என்றாள்.
இருபத்திரண்டு வரை எண்ணினோம்.
அப்புறம் அசைவது தரையா என் முழங்காலா
தெரியவில்லை.
தண்ணீர் போத்தலைக் கீழே வைத்து
அது சொன்னதைத்தான் நம்பினோம்.

மூன்று மணிக்குக் கையை நீட்டினாள்.
"மூன்று பாக்கி. நாளைக்குக் கல்யாணம்."
"பதிவு அலுவலகம் நிற்கிறதோ இல்லையோ."
"விரல் இருக்கிறதே."

மாப்பிள்ளை, அவரும் இரண்டாம் முறைக்காரர்,
கைபேசி வெளிச்சம் பிடித்தார்.
எட்டாவது ஒழுங்காக வந்தது.
ஒன்பதாவதில் ஒரு மறுமொழி:
சிவப்பு நகத்தைத் தாண்டி, கணுவைத் தாண்டி
மணிக்கட்டுவரை கோணலாக ஓடியது.
பஞ்சை எடுத்தேன்.
"துடைக்காதே" என்றாள்,
"இன்றைக்கு என் கருவி எதுவும் எழுதியிருக்காது."

பத்தாவதுக்கு
போத்தலை ஒரு முறை பார்த்துவிட்டு
தூரிகையைத் தோய்த்தேன்.