உருட்டிப் பார்

இரண்டும் புல்.
இரண்டும் குத்துக்குத்தாய், முழங்காலுக்கு மேல்.
காற்றடித்தால் இரண்டும் ஒரே பக்கம்தான் சாயும்.
ஒன்று இந்த மலையுடையது.
மற்றதன் பெயர் நாசெல்லா.

"கண்ணால் காண்பது பொய்" என்றான் தமாட்டி, முதல் நாள் காலை,
வண்டியிலிருந்து களைக்கொத்துகளை இறக்கிக்கொண்டே.
"ஒரு தாளைக் கிள்ளி விரலிடையில் உருட்டிப் பார்.
ஊசிபோல் உருண்டால் வெட்டு.
மடிப்புத் தட்டினால் விட்டுவிடு.
நுனியிலிருந்து கீழே தடவு, அரம்போல் இருந்தால் அது.
அடியும் வெளுத்திருக்கும், வெங்காயத்தாள் மாதிரி."

தலையாட்டினேன்.
பதினோரு வருடம் பால்பண்ணையில் மடி பிடித்த விரல்,
புல்லா தெரியாது?

ஆகஸ்ட். வைபாராவுக்கு வடக்கே ராத்கனின் சரிவு.
நிழல் விழுந்த இடமெல்லாம் உறைபனி.
கையுறை போட்டால் தாள் தெரியாது,
கழற்றினால் விரலே தெரியாது.
போட்டுக்கொண்டேன்.

ஆறு பேர், குறுக்கே, வரிசையாக.
வேர் கிளம்பும்போது ஒரு சத்தம் வரும்,
பழந்துணி கிழிவதுபோல.
எனக்கு அது பிடித்துப்போனது.
கொத்து, நெம்பு, மண்ணை உதறு, தலைகீழாய்க் கவிழ், அடுத்தது.
முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு.
மற்றவர்களுக்கு முப்பது, நாற்பது.
"உன் பக்கம் மட்டும் காடா?" என்றான் டெஸ்மண்ட்,
ஃபிளாஸ்கைத் திறந்தபடி.
பெருமையாய்ச் சிரித்துத் தொலைத்தேன்.

மூன்றாம் நாள் நிலத்துக்காரி வந்தாள்.
ஐலீன் ராத்கன், என் வயதுதான் இருக்கும்,
இடுப்பில் குறடு, தோளில் வேலிக்கம்பிச் சுருள்.
கவிழ்ந்து கிடந்த ஒன்றை பூட்ஸ் முனையால் புரட்டினாள்.
இன்னொன்றை.
சுருளைக் கீழே வைத்தாள்.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி
ஒரு தாளை உருட்டினாள்.

உருளவில்லை.

திட்டியிருக்கலாம்.
"தெற்கத்திக் காற்றில் குட்டி போடும் ஆடுகள்
இதன் மறைவுக்குத்தான் ஒதுங்கும்" என்று மட்டும் சொன்னாள்.
மறுபடி வளர எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன்.
கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நான் விட்டுவைத்தவை மேலே, பாறையோரம்,
குறையொன்றுமில்லாமல் நின்றன.

கண் பொய், காது பொய்,
தீர விசாரிக்க வேண்டியது விரல்.
அதற்குத்தான் உறை போட்டிருந்தேன்.

"நவம்பரில் கதிர் ஊதாவாகும்" என்றான் தமாட்டி,
"அப்போது யாருக்கும் தெரியும். தெரிந்து என்ன?
பழுத்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்
வேலி நெடுக நுரையாய்க் குவிக்கும்.
பொன்னிறம். படம் பிடிக்க வருகிறவர்கள்கூட உண்டு."

கல்யாணத்தைத்தான் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள்.
என்னுடையது ஆறு வருடம்.
இதன் விதை மண்ணுக்குள் பதினைந்து வருடம்
கண்ணை மூடாமல் படுத்திருக்கும்.

மூன்று நாள் கூலி வேண்டாம் என்றேன்.
"கணக்கை எழுதியாச்சு" என்று
தாளை மடித்துப் பையில் செருகினான்.

மீண்டும் அதே பட்டை, வெறுங்கையோடு.
ஒவ்வொரு தாளையும் கிள்ளி, உருட்டி, தடவி.
அன்றைக்கு மொத்தம் இருபத்தாறு.
விரல்நுனி வெடித்து, கொத்தின் பிடியில் ரத்தக்கறை.
மாலையில், மற்றவர்கள் வண்டியேறிய பிறகு,
வேர் காயாமல் கிடந்த மலைப்புற்களைப் பொறுக்கி
பழைய குழியிலேயே வைத்து மிதித்தேன்.
நாற்பத்தேழு.
தமாட்டி ஹாரன் அடிக்கவில்லை.
பிழைக்குமா என்று அவனைக் கேட்கவுமில்லை.

இரவு, விடுதி அறையில் தூக்கம் வராமல் கிடந்தேன்.
போர்வையில் பிரிந்த ஒரு நூலை
விரல் தானாகவே உருட்டிக்கொண்டிருந்தது.
உருண்டது.

கை, கொத்தைத் தேடியது.