ஒன்றரை ஆட்டம்

நீடாமங்கலம் கேட் அடைத்துக் கிடந்த மதியம்
முதன்முதலாக வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன்.
பின்பக்கப் பட்டைகள் ஐந்திலும்
வளைவே இல்லை.
ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம்.
மூன்றாவதில் மயிரிழை விரிசல்,
அதன் வழியே துரு கசிந்து காய்ந்திருந்தது.

ஏலத்தில் கம்பெனி எடுத்த நாலு சக்கர இழுவை வண்டி.
பதினோரு கிளைகளில் அடகு வந்த நகையை
வெள்ளிதோறும் தஞ்சாவூர்ப் பெட்டகத்தில் சேர்ப்பது வேலை.
சுற்றிலும் உச்சியிலும் இரும்புத் தகடு,
கட்டைவிரல் கனத்துக்குக் கண்ணாடி,
பின்னால் பெட்டியோடு பெட்டியாக
துப்பாக்கியும் தூக்குவாளியுமாய் லூர்துசாமி.

ஷாகுல் பட்டறைக்குள் விடவில்லை.
"முதல்ல எடை போட்டுட்டு வாங்க."
நெல் லாரிகளுக்கு நடுவில் வரிசையில் நின்று
சீட்டு வாங்கி வந்தேன்.
பழைய புத்தகத்தை வைத்துக் கழித்துப் பார்த்தான்.
கவசம் மட்டும் ஒன்பது குவிண்டால்.
அன்றைக்கு ஏற்றிய நகை பதினாலு கிலோ.
அதில் கவர் எண் 2217,
என் மனைவியின் தோடு. அதை நான் சொல்லவில்லை.

"ரெண்டு பட்டை கூட்டிக் கட்டலாம், மலிவு.
ஆனா குழிக்குக் குழி முதுகெலும்பு பேசும்,
ஒரு வருஷத்துல தகட்டு வெல்டிங் விட்டுடும்.
காத்துப்பை வைக்கலாம்,
கோட்டூர் தாண்டி கருவமுள்ளு குத்திச்சுன்னா
யாரு வந்து ஊதுறது?
கட்டை கொடுத்து மூணு அங்குலம் தூக்கலாம்,
பாக்க ஜோரா இருக்கும்."

வசுமதி மேடம் போனில்
மூன்று கொட்டேஷன் கேட்டார்.
பார்க்க ஜோராக இருப்பது பிடித்திருந்தது அவருக்கு.

ஐப்பசியை நினைத்துக்கொண்டேன்.
குறுவை அறுத்த செயின் மிஷின்
கோரையாற்றுக் கரையை உழுதுவிட்டுப் போயிருந்தது.
சகதி நிரம்பிய தடத்தில் இடது சக்கரம் இறங்க,
அடித்தண்டு டொக்கென்று இடிக்க,
வண்டி ஆடத் தொடங்கியது.
உடுக்கை நின்ற பிறகும் நிற்காத சாமியாடி மாதிரி
ஏழு ஆட்டம். எண்ணினேன்.
ஒவ்வொன்றும் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கமாய்.
ஏழாவதில் நின்றது.
பின்னாலிருந்து சத்தமே இல்லை.
தஞ்சாவூர் வந்து இறங்கியதும்
லூர்துசாமி கதவைத் தொட்டுப் பார்த்தார்:
எண்பது கிலோ.
ஒருக்களித்துக் கிடக்கும் வண்டிக்குள்ளிருந்து
அதை மேல்நோக்கித் தள்ள ஆளில்லை.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"தூக்க வேணாம்" என்றேன்.

ஷாகுல் பம்பரில் ஏறிக் குதித்தான், ஆட்டத்தை எண்ணினான்.
"லாரிக்காவது திரும்பும்போது வெறும் வண்டி.
உங்க வண்டிக்கு இறக்கிவைக்க நேரமே கிடையாது.
பெட்டி காலியானாலும் கவசம் இறங்காதே.
அதனால மெல்லிசுப் பட்டை ஏழு,
நல்ல தடிச்ச ஷாக் நாலு, புது புஷ்."
பிறகு மேலே பார்த்தான்.
"உச்சியில நூத்தி நாப்பது கிலோ எதுக்கு?
நம்ம வயக்காட்டுல எவன்
வானத்துலேர்ந்து சுடப்போறான்?"

லூர்துசாமி சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மேல்தகட்டைக் கழற்ற ஒரு பகல் ஆனது.
கொட்டேஷனில் அதற்கு வரி இல்லை;
"இதர வேலைகள்" என்று எழுதச் சொன்னேன்.
தலைமையகம் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்,
அல்லது சொல்லத் தெரியாமல் நிற்கலாம்.

மறுபடி பம்பரில் குதித்தான்.
இறங்கியது, ஏறியது,
பாதி இறங்கி அடங்கியது.
ஒன்றரை.

அடுத்த வெள்ளி கோரையாற்றுக் கரையில்
அதே தடம், இப்போது காய்ந்து கல்லாகி.
சக்கரம் இறங்கி ஏறியது,
என் தோளுக்குத் தெரிந்தது, கழுத்துக்குத் தெரியவில்லை.
பின்னாலிருந்து மூடி திறக்கும் சத்தம்.
லூர்துசாமி ஓடும் வண்டியில் சாப்பிடுகிறார்!

திரும்பும்போது கேட் அடைப்பு.
ஷாகுல் பட்டறை வாசலில்
சாக்கடைக்குக் குறுக்கே எங்கள் மேல்தகடு கிடந்தது.
உர மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று
அதன்மேல் ஏறி இறங்கிப் போனது.
தகடு அசையவே இல்லை.