பாதுகாவலர் கையொப்பம்

ஏழு நாள் மலைமேல்,
வீட்டுயரச் சக்கரங்களில்
தாமிரப் பாறை ஏற்றியபடி.
ஏழு நாள் கீழே, அந்தோஃபகாஸ்தாவில்.
பல்கலைக்கழகத்துக்கோ
வாராவாரம் செவ்வாய்.

நீடியாவுக்கு நாற்பத்தாறு.
விண்ணப்பத்தின் கடைசிக் கோட்டில்
பாதுகாவலர் கையொப்பம் கேட்டிருந்தது.
பேனாவைக் கடித்தாள்.
மகளைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள்.

எழுத்தர் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எந்தச் செவ்வாய் வர முடியும்?"

மார்ச்சில் ஆய்வகக் கதவில்
புது அட்டவணை:
ஒரே பாடம், இரண்டு செவ்வாய்.
ஷிப்டில் தவறியது
இறங்கி வரும்வரை காத்திருக்கும்.
இரவு ஒன்பதுக்கும்
காப்பி இயந்திரம் விழித்திருந்தது.

அந்தக் கோட்டை மட்டும்
யாரும் அழிக்கவில்லை.
இந்த வருடம்
மகளின் விண்ணப்பம்.
நீடியா போடுகிறாள்,
தூசி போகாத நகங்களோடு,
அவசரமில்லாமல்.