எட்டு விநாடி

ஜூலை பதினாறு. பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்ட
கல்லூரி விடுதியில், அவர்கள் கட்டில்களில்
நாற்பத்தோரு ஆசிரியர்கள் படுத்து எழுகிறோம்.
கழுத்தில் பெயர் அட்டை. என்னுடையதில்
லோர்னா பிராபெக், நான்காம் வகுப்பு.
அதன் கீழே உங்களை ஒரு விலங்காக வரையுங்கள் என்றார்கள்.
ஆமை வரைந்தேன். பார்த்தவர்கள் ரொட்டி என்றார்கள்.

முதல் நாள், செங்கல்.
ஒரு செங்கல்லை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்,
மூன்று நிமிடம்.
கதவுக்கு முட்டு. பூந்தொட்டிக்கு அடிமணை.
அப்புறம் வெகுநேரம் யோசித்து, வீடு.
பக்கத்தில் கேரட் ஒட்கார்ட், கால்பந்துப் பயிற்சியாளர்,
மனைவி பெயர் கொடுத்துவிட்டதால் வந்தவர்,
இருபத்தேழு எழுதியிருந்தார்.
"பாதி புளுகு" என்றார் காதோரம்.
அவருக்கு ஊதா நட்சத்திரம் ஒன்று கிடைத்தது.
ஐம்பத்தெட்டு வயதில் அதைத் தொப்பியில் ஒட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் மதியம் டாக்டர் வெண்டலின் குரூஸ்
திரையில் ஒரே ஒரு வரி போட்டார்:
மீத்திறன் முதலில் தொந்தரவாகத்தான் தென்படும்.
எழுதிக்கொண்டோம். அடிக்கோடும் போட்டோம்.
அப்போதுதான் சங்கு ஊதியது.

நெப்ராஸ்காவில் இதற்கெல்லாம் யாரும் அலறுவதில்லை.
மேற்கு வானம் களிம்பேறிய செம்பாக இருந்தது.
காபிக் கோப்பைகளோடு வரிசையாய் நிலவறைக்கு இறங்கினோம்.
மடக்கு நாற்காலிகள், துடைப்பங்கள்,
என்றோ தோற்றுப்போன அணியின் பதாகை.

துப்புரவு செய்யும் தெல்ஃபினா முன்பே அங்கே இருந்தார்,
மகளோடு. கோடையில் அவளை விட இடமில்லையாம்.
ஒன்பது வயதிருக்கும். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.
நாங்கள் கைபேசியில் மழை நகர்வதைப் பார்த்தோம்.
செங்கல்லைப் பற்றிச் சிரித்தோம்.

"எட்டு" என்றாள்.
யாரும் திரும்பவில்லை.
"எட்டு விநாடிக்கு ஒரு தடவை சத்தம் நம்மகிட்ட வருது.
நடுவில போயிடுது."
"பயப்படாதே கண்ணு" என்றாள் மார்லிஸ்.
"பயமில்ல. அது சுத்துதுதானே?
நமக்குக் கேக்காதப்போ யாருக்குக் கேக்குது?
அவங்களுக்குக் கேக்காதப்போ, நின்னுடுச்சுன்னு நெனச்சு
அவங்க மேல ஏறி வந்துட்டா?"

வானொலியில் ஏதோ ஊர்ப்பெயர் சொன்னார்கள்.
நான்தான்,
வேறு யாருமில்லை, நான்தான்
உதட்டில் விரல் வைத்து
ஸ்ஸ் என்றேன்.
இருபத்திரண்டு வருடப் பழக்கம். தரமான ஸ்ஸ்.
ஒரு வகுப்பையே உட்காரவைக்கும்.
அவள் குனிந்து வாளியின் பிடியைப் பார்த்தாள்.
தெல்ஃபினா ஸ்பானிஷில் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னார்,
என்னிடம்.

சுழற்காற்று இரண்டு கவுண்டி தள்ளி
ஒரு சோளக் களஞ்சியத்தை மட்டும் தின்றுவிட்டுப் போனது.
மேலே வந்தோம். மின்சாரம் போகவே இல்லை.
அந்த வரி திரையில் அப்படியே இருந்தது.
"எங்கே விட்டோம்?" என்றார் குரூஸ்.

கேரட் தொப்பியை மடியில் வைத்து
நட்சத்திரத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்,
கிழியாமல், மெதுவாக.
இடைவேளை வந்ததும் படியிறங்கிப் போனார். பின்னால் நானும்.
வாளி இருந்தது, இப்போது நிமிர்த்திவைக்கப்பட்டு,
அடியில் கொஞ்சம் தண்ணீரோடு.
அவர்களுக்கு நான்கு மணிக்கே வேலை முடிந்துவிடுமாம்.
கேரட் விரல்நுனியில் ஊதா நட்சத்திரத்தோடு
எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார்.
பிறகு சட்டைப்பைக்குள் ஒட்டிக்கொண்டார்.

முப்பது மணிநேரத்துக்கான சான்றிதழ் ஆகஸ்டில் தபாலில் வந்தது.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

செப்டம்பர், முதல் புதன். எங்கள் ஊரில் சோதனைச் சங்கு.
பின்னக் கணக்கை நிறுத்தி
சாக்பீஸோடு ஜன்னலண்டை போய் எண்ணினேன்.
நாற்பது வரை எண்ணினேன்.
எங்கள் ஊர்ச் சங்கு சுற்றுவதில்லை.
அசையாமல் நின்று எல்லாப் பக்கமும் ஒன்றாகக் கத்தும் ரகம்.
இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன்.

இதை அவளிடம் சொல்ல வேண்டும்.
பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.