ஏழு குழி

ஏழேகாலுக்கு வேன் வரும்.
எட்டரைக்கு அவர் வருவார்
மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டிலிருந்து,
சட்டைப்பையில் கமிஷன் சீட்டும்
நகக்கண்ணில் மல்லிக்காம்பின் பச்சையுமாக.
டியூஷன் முடிந்து பிள்ளைகள் செருப்பைக் கழற்றும்போது
அவர் மாட்டிக்கொண்டிருப்பார்.
மூன்று வருடம்
வாசல்படி அகலத்துக்குத்தான்
அப்பா இருந்தார்.

ஒரு ஜூன் மாதம்
ஃபீஸ் கட்டப் போனவள்
கட்டாமல் திரும்பினேன்.
கொள்கை கிள்கை ஒன்றும் கிடையாது எனக்கு.
ப்ளஸ் டூ கணக்கில் தவறி
அக்டோபரில் எழுதித் தேறியவள்.
நாளைக்கு நடத்துவதை
இன்று ராத்திரி படிக்கிறவள்.

செவ்வாய்க்கிழமை காலை.
பானையில் மாவு ஒரே ஓர் ஈட்டுக்கு.
கல்லில் குழி ஏழு. வீட்டில் ஆள் நாலு.
"பங்கு வை" என்றேன் நாச்சியாரிடம்.
ஆளுக்கு ஒன்று வைத்தாள்.
மூன்று முழித்துக்கொண்டு நின்றது.
கத்தி கேட்டாள், அதட்டினேன், கொடுத்தேன்.
மூன்றையும் நாலு நாலாக அரிந்து
சுடச்சுட விரலை உதறி உதறி
வைத்து முடித்தபோது
தானே சொன்னாள்:
"ஒன்னே முக்கால்!
முதல் அடிக்கு நாலு சீர், அடுத்ததுக்கு மூணு,
வெண்பா மாதிரியே வருதும்மா."
அடுப்பை அணைக்க மறந்து நின்றேன்.

பூவரசு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
"எனக்கு நாலு. எண்ணிப் பாரு."
முழுசு ஒன்று, துண்டு மூன்று.
எண்ணினால் நாலுதான்.
சிவப்புப் பேனா
இந்த வீட்டில் வாங்கவே இல்லை.

அப்பா பங்கைத் தட்டுப் போட்டு மூடி
கமிஷன் சீட்டின் முதுகில்
நாச்சியார் எழுதி வைத்தாள்: அப்பா, 1¾.
உள்ளறையில் குறட்டை
பம்புசெட் போல நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்,
"ஸ்கூல் லீவாம்மா?"
நான் வாயைத் திறக்குமுன் பூவரசு:
"இல்ல, இப்ப பஸ் பீரியட்."

கீழக்குயில்குடி.
தாமரைக் குளத்தில் யாரோ எறிந்த
தண்ணீர்ப் பாக்கெட்டும் மிதந்தது.
படி எண்ணி ஏறினோம்.
ஏறும்போது வந்த எண்
இறங்கும்போது வரவில்லை,
மூன்று பேருக்கும் மூன்று விடை.
மேலே, பாறையில் சமணர்கள்
சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.
காலடியில் வட்டெழுத்து.
பூவரசு மூக்கு இடிக்கப் பார்த்துவிட்டு
ஆறுதலாகச் சொன்னான்:
"இவங்களுக்கும் கையெழுத்து மோசம்."

அடிவாரத்தில்
டூர் வந்த பிள்ளைகள், ஒரே நீலச் சீருடை,
முன்னால் போகிறவள் தோளைப்
பின்னால் வருகிறவள் பிடித்தபடி
ரயில் ஓட்டிக்கொண்டு போனார்கள்.
ஆலமரத்தின் பின்னால்
கடைசிப் பெட்டி மறைகிறவரை
நாச்சியார் பார்த்துக்கொண்டு நின்றாள்.
என்ன என்று நான் கேட்கவில்லை.
தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
வாங்கினாள். குடிக்கவில்லை.

மூன்று மணிக்கு அவர் எழுந்தார்.
கண்ணைக் கசக்கிச் சீட்டைப் படித்தார்.
தட்டைத் திறந்தார்.
ஆறிப்போன முழுசு ஒன்று.
துண்டு, ஒன்று, இரண்டு.
விரல் நின்றது.
ஒரு முழம் பூ குறைந்தாலும்
கடைசாத்தும் முன் கண்டுபிடிக்கிற ஆள்.
"கால் எங்க?"

நாச்சியார் தம்பியைப் பார்த்தாள்.
தம்பி அவளைப் பார்த்தான்.
நான்
காலையிலேயே தேய்த்துக் கவிழ்த்த பணியாரக் கல்லை
எடுத்து
இன்னொரு தடவை தேய்க்கத் தொடங்கினேன்,
குழி குழியாக.