பதினான்காம் கேள்வி

கழுத்தில் அட்டை, கையில் பலகைக்கணினி.
வீட்டுக்கு இருபது நிமிடம் என்று பயிற்சியில் சொன்னார்கள்.
எந்த வீட்டுக்கும் இருபது நிமிடம் ஆனதில்லை.
பதின்மூன்று கேள்விகள் வழுக்கிக்கொண்டு போகும்:
மின்தூக்கி, பேருந்து, கொசு,
மேல்வீட்டிலிருந்து சொட்டும் தண்ணீர்.
அடுத்ததில்தான் குரலைச் செருமிக்கொள்வார்கள்.

"பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளுக்கு
அரசாங்கம் செலவிடும் தொகை
மிகக் குறைவு, குறைவு, போதுமானது, அதிகம், மிக அதிகம்.
ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்."

ஒன்பதாம் மாடி திரு இங்
இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்றபடி,
டாக்சி ஓட்டியே இரண்டு பிள்ளைகளை வளர்த்ததாகவும்
யாரிடமும் பத்துக் காசு கேட்டதில்லை என்றும் சொன்னார்.
இதை எந்தக் கட்டத்தில் போடுவது?
'அதிகம்' பக்கம் விரலை நகர்த்தினேன்.
"அதுக்காக அந்தப் பிள்ளைகளை
அப்படியே விட்டுடலாமா?" என்று
என்மேல் கோபப்பட்டார்.
அழித்தேன்.

காதில் ஒலிவாங்கி மாட்டிய இளைஞர்
கேள்வி முடியுமுன்பே 'போதுமானது'.

லோகாம்பிகை மேடம் கண் கலங்கினார்.
"மிகக் குறைவும்மா, மிக மிகக் குறைவு.
பாவம், வாயில்லாத பிள்ளைங்க."
பதினைந்தாவதையும் அதே குரலில் படித்தேன்:
அவர்களுக்கான இல்லம் ஒன்று
உங்கள் வட்டாரத்தில் அமைந்தால்?
"இங்கேயா?
இங்க வண்டி நிறுத்தவே இடமில்லையே."

சலீஹா ஈரத் துணியை உதறிக்கொண்டே பதில் சொன்னாள்.
"காசு கொடுக்குறாங்க, இல்லேன்னு சொல்லல.
ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுத்தா
இன்னொரு பாரம் தர்றாங்க.
மூணு வருசமா பாரம் குறையவே இல்லம்மா."
அதற்கும் கட்டமில்லை.

சாலைக்கு எதிர்ப்பக்கம் வாடகைப் புளோக்.
நீண்ட தாழ்வாரம். கதவுகள் நெருக்கமாக,
பல் முளைத்த மாதிரி.
ஆறாவது கதவு திறந்தே இருந்தது.
பள்ளிச் சட்டையைக் கழற்றாத பையன்,
நெஞ்சில் பெயர்ப்பட்டை: கவின்ராஜ்.
உள்ளே, இஸ்திரி மேசையை
அடிமட்டத்துக்கு இறக்கி வைத்து
அதன்மேல் எழுதிக்கொண்டிருந்தாள் தங்கை.

"பெரியவங்க இருக்காங்களா?"
"அம்மா சாங்கியில. பதினோரு மணி ஆகும்.
கேளுங்க, இந்த வீட்ல எல்லாத்துக்கும்
நான்தான் பதில் சொல்றது."

இருபத்தொரு வயதுக்குக் கீழே தகுதி இல்லை.
"யாரைப் பத்தின கேள்வி?"
படித்திருக்கக் கூடாது. படித்தேன்.
ஐந்து விடைகளையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு,
"இப்ப எவ்வளவு செலவு பண்றாங்க?" என்றான்.

காலையிலிருந்து முப்பத்தொரு கதவு.
ஒருவரும் இதைக் கேட்கவில்லை.
எனக்கும் தெரியாது.

"பதில் சொன்னா ஏதும் உண்டா?"
பத்து வெள்ளிப் பற்றுச்சீட்டு,
தகுதி உள்ளவங்களுக்கு, என்றேன்.
தெரிந்த ஒருவரின் பெயரைக் கேட்டதுபோல
தலையாட்டினான்.

உள்ளிருந்து தங்கை:
"அண்ணே, அக்கறைக்கு
சின்ன ர-வா பெரிய ற-வா?
சின்ன ர போட்டேன், டீச்சர் சிவப்புல சுழிச்சிட்டாங்க."
"பெரிய ற. சின்ன ர போட்டா அது அந்தப் பக்கம்."
அவள் அழிப்பானை ஊதுகிற சத்தம்.

ஏழாம் குறியீடு:
'தகுதியுள்ளவர் வீட்டில் இல்லை.'
அழுத்தினேன்.
கீழே ஒரு பெட்டி திறந்தது,
கணக்கெடுப்பாளர் குறிப்பு, விரும்பினால்,
நூறு எழுத்துகளுக்குள்.
'தொகை எவ்வளவு என்று கேட்டான்' எனத் தட்டினேன்.
நிறைய இடம் மிச்சமிருந்தது.
இஸ்திரி மேசையைச் சேர்த்தேன், நீக்கினேன்,
மறுபடி சேர்த்தேன்.
மின்கலம் நான்கு விழுக்காடு.

சாலையோரம் வந்து நின்றேன்.
அந்தப் பக்கம் பச்சை மனிதன் நடக்கத் தொடங்கினான்.
பன்னிரண்டு, பதினொன்று, பத்து.
கையில் முப்பத்தொரு பதில்களோடு
இந்தப் பக்கமே நின்றேன்.