ஓதம்

ஓபோ தெருவில் முப்பத்தெட்டு வீடுகள்.
வரைபடம் ஒன்றுதான்.
ஊதுகருவியின் பெயரை வைத்தவர்கள்
காற்றுக்கு வழி வைக்க மறந்துவிட்டார்கள்.

அல்மேரவில் இதெல்லாம் கடலடி.
நான் பிறந்த வருஷம்தான்
தண்ணீரை இறைத்து முடித்தார்கள்.
ரோஜா நடத் தோண்டினால் இன்றும் சிப்பி வரும்,
வெள்ளையாய், வாய் திறந்தபடி.
கடல் போனது. ஓதம் போகவில்லை.

என் வேலை அளப்பது.
கருவிக்கு இரண்டு ஊசிப்பல்.
சுவரைக் கடிக்க வைப்பேன், எண் சொல்லும்.
பதினாறு தாண்டினால் படிவம்.
படிவத்தில் காரணத்துக்கு இரண்டே கட்டம்:
கட்டடக் குறை. குடியிருப்போர் பழக்கம்.
பன்னிரண்டு வருஷமாய் என் விரல்
இரண்டாவதுக்குத்தான் தானாகப் போகும்.

இருபத்தேழாம் எண். ஹெலுயிஸ் லாந்த்வெல்ட்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை;
தூங்காத கண், கம்பளிக் காலுறை.
மனப்பாடத்தை ஒப்பித்தேன்:
கொதிக்கிற சட்டிக்கு மூடி போடுங்கள்.
துணியை உள்ளே உலர்த்தாதீர்கள்.
குளித்ததும் ஜன்னலைத் திறங்கள்.
ஐந்து பேர் மூச்சு விடுகிற வீடு, பாருங்கள்...

"யாரை நிறுத்தச் சொல்கிறீர்கள்?" என்றாள்.
கோபமில்லை.
காபிக்குச் சர்க்கரை எத்தனை என்பதுபோல் கேட்டாள்.

பிறகு அலமாரியை இடுப்பால் தள்ளினாள்.
பழகிய தள்ளல்.

வடகிழக்கு மூலை. எல்லா வீட்டிலும் அதே மூலை.
சுவரை வைத்துச் சித்திரம் என்பார்கள்.
இங்கே சுவரே வரைந்துகொண்டிருந்தது:
நடுவில் கறுப்பு, பிறகு பாசிப்பச்சை,
ஓரத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல்.
அதைச் சுற்றிப் பென்சில் கோடு.
அதற்கு வெளியே இன்னொன்று. அதற்கும் வெளியே.
ஒவ்வொன்றின் மேலும் பொடி எழுத்து:
ஜனவரி. வினிகர் போட்டது.
ஜனவரி. ஜூரியன் பிறந்தான்.
ஜனவரி. அவனுக்கு முதல் இன்ஹேலர்.
பெயின்ட் அடித்த வருஷம் மட்டும்
எல்லாக் கோட்டையும் நினைவிலிருந்து
திரும்பப் போட்டாளாம்.

ஒன்பது கரைகள்.
அருங்காட்சியகத்தில் ஒரு கடற்படம் பார்த்திருக்கிறேன்,
எங்கள் ஊர் இல்லாத காலத்தது.
ஆழத்துக்கு ஆழம்
இப்படித்தான் கோடு போட்டிருந்தார்கள்.

"போன வருஷத்துக்கு இரண்டு விரல்" என்றாள்.
ஊசியை வைத்தேன். இருபத்தெட்டு.
பென்சிலை நீட்டினாள்.
யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.
அவள் கோட்டின் மேல், என் கையெழுத்தில்,
இருபத்தெட்டு. இன்றைய தேதி.
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ ஓர் அலமாரியை நகர்த்தும் சத்தம்.

காரில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன்.
ஏதாவது ஒரு கட்டத்தைத் தொடாமல்
அடுத்த பக்கம் வராது.
மழை இல்லை. எஞ்சின் போடவில்லை.
சட்டி கொதிக்கவில்லை, துணி உலரவில்லை.
ஒரே ஒருவன், கால் மணி நேரம்.

கண்ணாடி நான்கும் வெளுத்து
தெரு மறைந்துவிட்டது.